வாய்ப் புற்றுநோயும் பாப்பிலோமா வைரஸும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இம்மேடையில் மருத்துவ உதவிக் குழுவினராகிய நாங்கள் வாசிப்பது வரவு செலவுக் கணக்கு மட்டுமே. அக்கணக்கு இம்மலரின் பிற்பகுதியில் அச்சாகியுள்ளது. ஆகவே இவ்வாண்டு எங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தை வேறொரு செய்திக்குப் பயன்படுத்த நிர்வாகம் இசைவளித்துள்ளது. வாய்ப் புற்றுநோய்க்கும் பாப்பிலோமா என்னும் வைரஸுக்கும் உள்ள தொடர்பே அச்செய்தி.

ஏன் இந்தப் பொருள் என்று சிலர் வியக்கக்கூடும். சில காலமாக நம் மஹல்லாவில் இந்த வைரஸைப் பற்றிய இரண்டு பேச்சுகள் உலவி வருகின்றன. முதலாவது, புகையிலை போடுவோர் கண்டுபிடித்த சமாதானம்: "வாய்ப் புற்று இப்போதெல்லாம் வைரஸால் வருகிறதாம், புகையிலையைக் குறை சொல்லாதீர்கள்" என்பது. இரண்டாவது, புற்றுநோய் கண்ட ஒருவரின் ஒழுக்கத்தைப் பற்றித் தெருவில் பேசப்படுவது. முதல் பேச்சு உயிரைக் கெடுக்கிறது. இரண்டாவது மானத்தைக் கெடுக்கிறது. பாதி தெரிந்துகொண்ட ஒரே செய்தியிலிருந்துதான் இரண்டும் முளைத்தன. மீதிப் பாதியையும் தெரிந்துகொள்வோம்.

முதலில் ஒரு விளக்கம். வாய்ப் புற்று என்ற ஒரே பெயரால் நாம் இரு வேறு நோய்களைக் கலந்து பேசுகிறோம். கன்னத்தின் உட்புறம், ஈறு, உதடு, நாவின் முன்பகுதி, நாவுக்கு அடியிலுள்ள தரை ஆகியவை சேர்ந்தது வாய்க்குழி. கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்தால் இவற்றைப் பெரும்பாலும் நாமே பார்த்துவிடலாம். அதற்குப் பின்னால், டான்சில் எனப்படும் தொண்டைச் சதைகளும் நாவின் அடிவேரும் மென்மையான பின் அண்ணமும் அமைந்த பகுதி வாய்த்தொண்டை. இது எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. விரலளவே இடைவெளி உள்ள இவ்விரண்டு இடங்களிலும் தோன்றும் புற்றுநோய்களின் காரணமும், போக்கும், குணமாகும் வாய்ப்பும் வேறுபடுகின்றன. வைரஸின் கை ஓங்கியிருப்பது பின்பகுதியாகிய வாய்த்தொண்டையில்தான். முன்பகுதியாகிய வாய்க்குழியில் அதன் பங்கு சிறிது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

பாப்பிலோமா வைரஸ் என்பது ஒரே கிருமி அன்று. அது ஒரு பெருங்குடும்பம். இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் அதில் உண்டு. அவற்றுக்குப் பெயரில்லை, எண்கள்தாம். குழந்தைகளின் விரலில் வரும் மரு, காலில் வரும் ஆணி போன்ற மரு ஆகியவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்த சில வகைகளின் வேலையே. பெரும்பான்மையானவை தீங்கற்றவை. ஏறத்தாழ ஒரு டஜன் வகைகள் மட்டுமே புற்றுநோய்க்கு வழிவகுக்கின்றன. அவற்றுள் 16, 18 ஆகிய இரண்டும் முதன்மையானவை.

இவ்விரண்டையும் கண்டறிந்தவர் ஜெர்மனியின் ஹெரால்ட் சூர் ஹௌசன். 1970களில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஹெர்ப்பஸ் வைரஸே காரணம் என்று ஆய்வாளர் பலர் நம்பியிருந்தனர். மரு உண்டாக்கும் வைரஸ் குடும்பத்தில் தேடுங்கள் என்று இவர் கூறியதைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1983இல் 16ஆம் வகையையும் 1984இல் 18ஆம் வகையையும் அவரது குழுவினர் புற்றுத் திசுக்களிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினர். 2008ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. 2023இல் அவர் காலமானார். உலகெங்கும் இன்று பெண்பிள்ளைகளுக்குப் போடப்படும் தடுப்பூசி, ஏறக்குறைய தனிமனிதராக நின்று அவர் பிடித்த பிடிவாதத்தின் பலன் எனலாம்.

கருப்பைவாயில் கண்ட வைரஸ் வாயில் இருக்குமா என்ற ஐயத்தை 1983இலேயே பின்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் எழுப்பினர். எனினும் உறுதியான சான்று வர மேலும் பதினேழு ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மௌரா கிலிசன் என்னும் மருத்துவரும் குழுவினரும் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 253 பேரின் கட்டிகளைச் சோதித்து 2000ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். 62 கட்டிகளில், அதாவது நான்கில் ஒரு பங்கில், வைரஸ் காணப்பட்டது. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றில் இருந்தது 16ஆம் வகை. வைரஸ் இருந்த கட்டிகள் பெரிதும் வாய்த்தொண்டையைச் சேர்ந்தவையாக இருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007இல் வெளியிட்ட தொகுதியில், இந்த 16ஆம் வகை தொண்டைப் பகுதியிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஏற்றுக்கொண்டது.

அமெரிக்காவில் பழைய கட்டிகளைச் சேமிப்பிலிருந்து எடுத்துச் சோதித்தபோது வியப்பான ஒன்று தெரிந்தது. 1984 முதல் 1989 வரையிலான வாய்த்தொண்டைக் கட்டிகளில் வைரஸ் இருந்தது நூற்றுக்கு 16 அளவில். 2000 முதல் 2004 வரையிலானவற்றில் நூற்றுக்கு 72 அளவில். அந்நாட்டில் புகைப்பழக்கம் குறைந்துவர, புகையிலையால் வரும் தொண்டைப் புற்று குறைந்தது; வைரஸால் வருவது ஏறியது. செய்தித்தாள்களில் நாம் படிக்கும் "வைரஸால் வாய்ப் புற்று" என்ற தலைப்புகளின் பிறப்பிடம் இதுதான். அமெரிக்காவின் தொண்டையைப் பற்றிய செய்தியை நம் ஊர்க் கன்னத்துக்குப் பொருத்திப் பார்ப்பதில்தான் பிழை தொடங்குகிறது.

இந்த வைரஸ் எவ்வாறு வேலை செய்கிறது? நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் இரு காவலர்கள் உண்டு. பி53 என்று ஒரு புரதம். ஆர்பி என்று மற்றொன்று. செல் கட்டின்றிப் பெருகாமல் தடுப்பதும், சீர்கெட்ட செல்லைத் தானே மடியச் செய்வதும் இவர்களின் பணி. வைரஸ் தன்னிடமுள்ள இ6 என்ற புரதத்தால் முதல் காவலரை அழிக்கிறது. இ7 என்ற புரதத்தால் இரண்டாமவரைக் கட்டிப்போடுகிறது. காவலற்ற செல் பெருகத் தொடங்குகிறது. ஆர்பி முடங்கியதால் பி16 என்ற வேறொரு புரதம் செல்லில் அளவுக்கு மீறிச் சேர்கிறது. மருத்துவ அறிக்கையில் "பி16 பாசிட்டிவ்" என்று எழுதுவது இதைத்தான். டான்சிலின் மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் ஏராளம். அக்குழிகளின் அடியிலுள்ள மெல்லிய படலம் வைரஸ் புகுந்து தங்குவதற்கு வாகாக அமைந்திருப்பதே அது அவ்விடத்தைத் தேர்ந்துகொள்ளக் காரணம் என்று கருதப்படுகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி, இந்தியாவில் ஓராண்டில் உதடு, வாய்க்குழிப் புற்றுநோய் புதிதாகக் கண்டோர் ஏறத்தாழ 1,43,000 பேர். அதனால் மடிந்தோர் ஏறத்தாழ 80,000 பேர். இந்திய ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. இதில் வைரஸின் பங்கு எவ்வளவு? இந்தியாவில் செய்யப்பட்ட ஆய்வுகள் தரும் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. கட்டியில் வைரஸின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் எண் பெரிதாக வரும். அந்த வைரஸ் அங்கே உண்மையில் வேலை செய்கிறதா, இ6, இ7 புரதங்களுக்கான கட்டளை பிறக்கிறதா என்று பார்த்தால் எண் சுருங்கிவிடும். களவு போன வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தவனெல்லாம் திருடன் ஆகிவிட மாட்டான். இவ்வாறு கறாராகப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு, 29 நாடுகளிலிருந்து 3,680 கட்டிகளைச் சோதித்து 2016இல் வெளிவந்தது. வாய்த்தொண்டைப் புற்றில் வைரஸால் வந்தது நூற்றுக்கு 22. வாய்க்குழிப் புற்றில் நூற்றுக்கு நான்கு சொச்சமே.

அப்படியானால் மீதமுள்ளவை? புகையிலை, பாக்கு, மது, அவ்வளவுதான். "புகையிலை இல்லாமல் வெறும் பாக்குத்தானே போடுகிறோம்" என்று நம் வீட்டுப் பெரியம்மாக்கள் சொல்வதுண்டு. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று அதே பன்னாட்டு முகமை 2004இல் அறிவித்துவிட்டது. வெற்றிலையின் மீது அப்படி ஒரு குற்றச்சாட்டு இல்லை. அதற்குள் வைத்து மடிப்பதில்தான் குற்றம். பாக்கு மெல்வோரின் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி, வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நெடுக்காக வாய்க்குள் நுழைக்க முடியாதவர் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013இல் தமிழக அரசு தடை விதித்தது. தடைக்குப் பின்னும் ஹான்ஸ் பொட்டலம் எந்தப் பெட்டிக்கடையில், எந்தச் சாடிக்குப் பின்னால் கிடைத்தது என்பதை இங்கிருக்கும் இளைஞர்கள் எங்களைவிட நன்கு அறிவர்.

நிக்காஹ் வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். விருந்து முடிந்ததும் வாசலில் பீடாக் கடை ஒன்றை நிறுத்துவது அண்மைக் காலத்துப் பெருமையாகிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு முறை வரிசையில் நின்று வாங்கித் தின்பதைப் பார்க்கிறோம். அதிலிருப்பதும் பாக்குத்தான். இனிப்பு பூசியிருப்பதால் அது மிட்டாய் ஆகிவிடாது. மண்டபத்துக்கு அனுமதி அளிக்கும்போதே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க நிர்வாகக் குழு ஆலோசிக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. அலங்காரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் விதிகள் எழுதிய நமக்கு இது பெரிய காரியமன்று.

எனவே புகையிலை போடும் சகோதரர்களுக்கு எங்கள் பதில் இதுதான்: வைரஸ் உங்களுக்காகச் சாட்சி சொல்ல வரவில்லை. 2016-17இல் எடுக்கப்பட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பில் பெரியவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கு மேல் மெல்லும், உறிஞ்சும், பூசும் புகையிலையைப் பயன்படுத்துவது தெரியவந்தது. வாய்ப் புற்றில் நம் நாடு முன்னிற்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

அடுத்து, சபையில் பேசக் கூச்சம் தரும் பகுதி. கூச்சத்தால் பேசாமல் விட்டதன் விளைவைத்தான் நாம் பார்த்துவிட்டோம். ஆகவே நாகரிகத்துக்குட்பட்டுச் சொல்லிவிடுகிறோம். இந்த வைரஸ் பெரும்பாலும் உடலுறவு வழியாகப் பரவுவது. தொண்டைக்கு அது வாய்வழித் தொடர்பால் செல்கிறது. மறைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்பவர்தான் அவதூறுக்கு வித்திடுகிறார். தொடர்ந்து கேட்க வேண்டியவை வேறு உள்ளன.

உடலுறவு வாழ்வில் ஈடுபட்டோரில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இக்குடும்பத்து வைரஸ் ஒன்றைப் பெறுகின்றனர். அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பத்தில் ஒன்பது பேரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் தானே அதை விரட்டிவிடுகிறது. அமெரிக்காவில் 2009-10இல் 14 முதல் 69 வயது வரையுள்ள பொதுமக்களின் வாய்க் கழுவலைச் சோதித்தபோது, நூற்றுக்கு 7 பேரிடம் ஏதேனும் ஒரு வகை வைரஸ் இருந்தது. ஆண்களிடம் அது பெண்களிடம் உள்ளதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அபாயமான 16ஆம் வகை நூற்றுக்கு ஒருவரிடமே இருந்தது. அவர்களுள்ளும் மிகச் சிலருக்கே பிற்காலத்தில் புற்று வரும். ஏன் அந்தச் சிலருக்கு மட்டும் என்பதற்கு மருத்துவ உலகிடம் முழு விடை இல்லை.

இன்னொன்று, காலம். வைரஸ் நுழைவதற்கும் கட்டி தோன்றுவதற்கும் இடையில் பல ஆண்டுகள், சில நேரங்களில் பல பத்தாண்டுகள் கழிகின்றன. ஐரோப்பாவில் சேமித்து வைத்திருந்த பழைய இரத்தத்தை 2013இல் ஆராய்ந்தபோது, தொண்டைப் புற்று கண்டோரில் மூன்றில் ஒரு பங்கினரின் இரத்தத்தில், நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே இ6 புரதத்துக்கு எதிரான அணுக்கூறுகள் தென்பட்டன. சிலருக்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே. இன்று அறுபது வயதில் நோயுற்றவருக்கு வைரஸ் எந்த ஆண்டில் வந்தது, கணவனிடமிருந்து மனைவிக்கா, மனைவியிடமிருந்து கணவனுக்கா, முதல் மணத்திலா, மறுமணத்திலா என்று எந்த மருத்துவராலும், எந்தச் சோதனையாலும் கூற முடியாது. மருத்துவரால் கூற முடியாததைக் கணினி மையத்தில் அறிக்கையை அச்செடுத்துக் கொடுத்தவர் எப்படிக் கூறினார்? அறிக்கையில் உள்ளது கட்டியின் தன்மை. அது மனிதரின் நடத்தைச் சான்றிதழ் அன்று. புறம் பேசுவது பற்றி உலமாக்கள் நமக்குச் சொல்லாததை நாங்கள் சொல்லப்போவதில்லை. ஆயினும் ஒரு நடைமுறைத் தீங்கைச் சுட்ட வேண்டும். இத்தகைய பேச்சுக்கு அஞ்சி, கழுத்தில் கட்டியுடன் ஒருவர் வீட்டுக்குள் இருந்துவிட்டால், குணமாகும் நோய் குணமாகாத நோயாகிவிடும்.

தொற்று என்ற சொல்லைக் கேட்டதும் விருந்துகளில் நோயாளியைச் சஹனில் சேர்க்கத் தயங்குவதாகவும் அறிந்தோம். புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. இந்த வைரஸும் ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே குவளையில் அருந்துவதாலோ, முஸாபஹா செய்வதாலோ, ஒரே ஹவ்ளில் ஒளூச் செய்வதாலோ பரவுவதாகச் சான்று இல்லை. சிகிச்சையில் இருப்பவருக்குக் கதிர்வீச்சால் வாய் புண்ணாகி உமிழ்நீர் வற்றியிருக்கும். காரமும் வறண்ட உணவும் விழுங்க இயலாது. அவர் தனியே உட்கார்ந்தால் அது அவருடைய வசதிக்காக இருக்கட்டும். நம்முடைய அச்சத்துக்காக வேண்டாம்.

நல்ல செய்தியும் இதில் உண்டு. வைரஸால் வந்த தொண்டைப் புற்று, புகையிலையால் வந்ததைவிடச் சிகிச்சைக்கு நன்கு இணங்குகிறது. 2010இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், மூன்றாண்டு கடந்து உயிருடன் இருந்தோர், வைரஸ் தொடர்புடையோரில் நூற்றுக்கு 82, தொடர்பில்லாதோரில் 57. இதையொட்டி 2018 முதல் பி16 உள்ள தொண்டைப் புற்றுக்கு நிலைகளை வகுக்கும் முறையே தனியாக்கப்பட்டது. ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டியது: வைரஸ் தொடர்புடையவராயினும், புகைத்த அளவு கூடக் கூட அவர் பிழைக்கும் வாய்ப்பு குறைந்தது. நன்கு இணங்கும் நோய்தானே, மருந்தைக் குறைத்துப் பார்ப்போம் என்று மேனாடுகளில் முயன்றதும் உண்டு. சிஸ்பிளாட்டின் என்ற கடுமையான பழைய மருந்துக்குப் பதிலாக மென்மையான புதிய மருந்தைக் கொடுத்த இரண்டு ஆய்வுகளின் முடிவு 2018இல் வந்தது. புதிய மருந்து பெற்றோர் அதிகமாக இறந்தனர். எனவே "இது லேசான புற்றுதான்" என்று கேள்விப்பட்டு ஊசி சிகிச்சையை நடுவில் நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்குப் போக நினைப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடையாளங்கள் யாவை? வாய்க்குழியில் என்றால் மூன்று வாரமாகியும் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த வெல்வெட்டுப் போன்ற திட்டு, காரணமின்றி ஆடும் பல். வாய்த்தொண்டையில் என்றால் பல நேரங்களில் தொண்டையில் ஒன்றுமே தெரியாது. கழுத்தில், தாடைக்குக் கீழே, வலியற்ற ஒரு கட்டிதான் முதலில் தலைகாட்டும். வலிக்கவில்லை என்பதாலேயே அதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நம் நாட்டில் கழுத்துக் கட்டி என்றதும் காசநோய் என்று எண்ணுவது இயல்பு. பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஊசியால் குத்தியெடுத்துச் சோதிக்காமல் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்குவது சரியன்று. ஒரு பக்கக் காதில் மட்டும் நீங்காத வலி, விழுங்கும்போது ஒரே பக்கம் தடைபடுதல், ஒரு டான்சில் மட்டும் பெரிதாதல் ஆகியவையும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டியவை.

வாயைத் திறந்து பார்ப்பது என்ற எளிய காரியத்தால் உயிர் காக்க முடியுமா என்பதை நமக்கு அருகிலேயே நிரூபித்துள்ளனர். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கி, 13 பஞ்சாயத்துகளில் ஏறத்தாழ 1,90,000 பேரைக் கொண்டு ஒரு பெரும் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற ஊழியர்கள் ஒரு பகுதிப் பஞ்சாயத்துகளில் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தனர்; மற்றவற்றில் வழக்கமான மருத்துவமே இருந்தது. 2005இல் முடிவு வந்தபோது, புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப் புற்று இறப்பு நூற்றுக்கு 34 குறைந்திருந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. வெளிச்சமும் பழகிய கண்களும் போதுமானவையாக இருந்தன. தொண்டைக்குள் ஒளிந்திருக்கும் வைரஸ் புற்றுக்கு மட்டும் இத்தகைய எளிய சோதனை இன்னும் வகுக்கப்படவில்லை. அதனால்தான் அங்கே தடுப்பூசி முக்கியமாகிறது.

தடுப்பூசி பற்றித் தாய்மார்கள் எழுதி அனுப்பிய கேள்விகளே அதிகம். 2006 முதல் உலகில் பயன்பாட்டில் உள்ள இத்தடுப்பூசியில் உயிருள்ள வைரஸும் இல்லை, செத்த வைரஸும் இல்லை. வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் தயாரித்து, வெற்றுக் கூடுபோல் அமைத்திருக்கிறார்கள். மேனாட்டுக் கார்டாசிலும் நம் நாட்டுச் செர்வாவேக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரில் தயாராகின்றன. பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின் உள்ளதா என்பது நம்மவர் முதலில் கேட்பது. கார்டாசிலின் சேர்மானப் பட்டியலில் ஜெலட்டின் இல்லை. மலேசியா 2010 முதலே பள்ளிகளில் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இதைப் போட்டு வருகிறது. வங்கதேசம் 2023இலும் பாகிஸ்தான் 2025இலும் தொடங்கின.

இந்தியாவில் இதைப் பற்றி அச்சம் எழுந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பெண்பிள்ளைகளுக்கு இத்தடுப்பூசி போடும் திட்டம் ஒன்று நடந்தது. அவர்களுள் ஏழு பேர் இறந்ததாகச் செய்தி வரவே 2010இல் அரசு அதை நிறுத்தியது. இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணை கூறியது. ஆனால் பெற்றோரின் இசைவைப் பெற்ற முறை கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயிற்று. நாடாளுமன்றக் குழு 2013இல் அதை வன்மையாகக் கண்டித்தது. அக்கண்டனம் நியாயமானது என்பதே எங்கள் கருத்தும். பெற்றோரைக் கேட்காமல் செய்தது தவறு. அந்தத் தவறு ஊசியின் தவறாகாது. அதே காலத்தில் இந்தியாவில் ஊசி பெற்ற 17,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே ஊசிகூட 16, 18ஆம் வகைகளின் நிலைத்த தொற்றை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவில் தடுப்பதைக் காட்டியது.

வாய்க்கு இது பயன்படுமா? கோஸ்டா ரிக்கா நாட்டில் ஊசி பெற்ற பெண்களை நான்கு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, வாயில் 16, 18ஆம் வகைத் தொற்று நூற்றுக்கு 93 அளவில் குறைந்திருந்தது. தொற்று குறைந்தால் புற்றும் குறையும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே. ஆனால் தொண்டைப் புற்று உருவாகப் பத்தாண்டுகள் பல ஆவதால், எண்ணிக்கை குறைவதைக் கண்ணால் காண இன்னும் காலம் ஆகும். கருப்பைவாய்ப் புற்றில் அதைக் கண்டுவிட்டனர்: இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி பெற்ற பெண்களிடம் அந்நோய் நூற்றுக்கு 87 குறைந்ததாக 2021இல் அறிவிக்கப்பட்டது. நம் பெண்பிள்ளைகளுக்கு முதல் பயன் அதுதான். தொண்டைக்குக் கிடைப்பது கூடுதல் பாதுகாப்பு. "திருமணம் வரை கட்டுப்பாடாக வளரும் பிள்ளைக்கு எதற்கு?" என்று ஒரு தாயார் கேட்டிருந்தார். பிள்ளை கட்டுப்பாடாக வளர்கிறாள் என்பதாலேயே, மணத்துக்கு முன்னரே போடப்பட்ட ஊசி அவளிடம் முழுப் பயன் தரும். மணமகன் வீட்டாரின் கடந்தகாலத்தை நாம் எவ்வளவுதான் விசாரித்தாலும் வைரஸை விசாரிக்க இயலாது.

செர்வாவேக் தடுப்பூசிக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. 9 முதல் 26 வயது வரை ஆண், பெண் இருபாலருக்கும் அது அனுமதிக்கப்பட்டுள்ளது. 14 வயதுக்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. அதற்கு மேல் என்றால் மூன்று. தொண்டைப் புற்று ஆண்களிடமே மிகுதி என்பதால் பையன்களுக்கும் போடலாமே என்று சில நாடுகள் போட்டு வருகின்றன. வசதியுள்ளோர் மருத்துவரைக் கலந்து முடிவு செய்யலாம். ஏற்கெனவே உள்ள தொற்றையோ கட்டியையோ இவ்வூசி குணப்படுத்தாது. அரசு மூலம் இலவசமாகக் கிடைக்கும் ஏற்பாடு ஆண்டுக்கு ஆண்டு விரிந்து வருவதால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்த பின்பே தனியாரிடம் செல்வது நல்லது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை பயன்படும். அட்டை இல்லாதோருக்கு விண்ணப்பம் எழுதித் தர எங்கள் குழுவில் இருவர் உள்ளனர். நோய் வந்த பின் அட்டைக்கு அலைவதைவிட இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு அன்று மதரஸாக் கட்டடத்தில் வாய்ப் பரிசோதனை முகாம் நடைபெறும். ஆண்களுக்குக் காலையிலும், பெண்களுக்கு லுஹருக்குப் பின் பெண் பல்மருத்துவரைக் கொண்டும் பார்க்கப்படும். முடிவை நோயாளியிடம் மட்டுமே கூறுவோம். பதிவேடு எங்கள் அலமாரியில் பூட்டப்பட்டிருக்கும். எவருடைய அறிக்கையையும் இனி ஜமாஅத் அலுவலகத்தில் படியெடுக்க மாட்டோம். மனுவோடு மூல அறிக்கையைக் காட்டிவிட்டு எடுத்துச் சென்றால் போதும். பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பல் செட் அணிந்திருப்போர் பரிசோதனையின்போது அதைக் கழற்றிவிட்டு வாயைக் காட்டுங்கள். கூச்சப்பட்டுக் கழற்ற மறுப்போர் உண்டு. செட்டின் விளிம்பு அழுத்தும் இடத்தில் இருக்கும் புண்ணை, செட்டைக் கழற்றாமல் யாராலும் பார்க்க முடியாது. கழற்றி வைக்கத் தண்ணீருடன் கிண்ணமும், அதன்மேல் ஒட்டப் பெயர்ச் சீட்டும் நாங்களே தருவோம்.